உடைந்த போரோசிலிகேட் பாத்திரத்தை எங்கே போடுவது?

போரோசிலிகேட் எனும் சூடு தாங்கும் கண்ணாடியாலான பாத்திரம் உடைந்தால், அதையும் பழைய பாட்டில்களோடு காயலான் கடையில் போட்டுவிடலாம் என்றே கும்பகோணத்தில் நாங்களும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அப்படிப் போடக்கூடாது. போரோசிலிகேட் கண்ணாடியில் சுமார் 80 விழுக்காடு சிலிக்காவும் 13 விழுக்காடு போரான் ஆக்சைடும் இருப்பதால், அது சூட்டில் விரிவது பாட்டில் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கொதிக்கும் ரசத்தையும் தாங்கவைக்கும் இந்தச் சேர்மானமே மறுசுழற்சியில் தொல்லையாகிறது: பாட்டில் உலையில் அது சரிவர இளகிக் கலக்காமல் கட்டியாக நின்றுவிட, அந்தக் கட்டி புகுந்த புதிய பாட்டில் அவ்விடத்திலேயே விரிசல் விடுகிறது.

முதலில், செருப்பும் கையுறையும் அணிந்து துண்டுகளைப் பொறுக்கி, பொடிச் சில்லுகளை ஈரத் தாளால் ஒற்றி எடுங்கள். கற்கண்டுபோல் சிறு கட்டிகளாகச் சிதறியிருந்தால், அது பதப்படுத்தி வலுவேற்றிய சாதாரணக் கண்ணாடியாக இருக்கக்கூடும்; 'சூடு தாங்கும்' என்று விற்பதெல்லாம் போரோசிலிகேட் அல்ல.

அடுத்தது சோதனை. மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரினைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, கழுவி உலர்த்திய நிறமற்ற துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து மெல்ல இறக்குங்கள். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் போரோசிலிகேட், கிளிசரின் இரண்டுக்கும் ஏறக்குறைய 1.47 என்பதால், மூழ்கிய பகுதியின் விளிம்பு கரைந்தாற்போல் மறைந்து, மேற்பாதி மட்டும் இடுக்கியில் தொங்குவதாகத் தோன்றும். பாட்டில் கண்ணாடிக்கு அந்த எண் 1.52, அதன் விளிம்பு பளிச்சென்று தெரியும். கிளிசரின் வாங்கச் சோம்பல்பட்டு நான் முதலில் நல்லெண்ணெயில் முக்கிப் பார்த்தேன். அதன் மஞ்சள் நிறத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஓப்பல் எனப்படும், ஊடுருவிப் பார்க்க முடியாத வெள்ளைக் கண்ணாடித் தட்டுகளுக்கு இச்சோதனை உதவாது.

மறைந்த துண்டுகளைச் செய்தித்தாளில் பல மடிப்பாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று எழுதி, மக்காத குப்பையாகத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். தவறியும் வாய்க்காலில் வீசாதீர்கள். மேட்டூர் அணை திறக்குமுன் தூர்வாரும்போது அது மண்ணோடு கரையேறி, வெறுங்காலோடு வயலுக்கு நடப்பவரின் பாதத்தில் ஏறும்.

மூடி மட்டும் உடைந்திருந்தால் பாத்திரத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட ஒன்றில்தான் தயிருக்கு உறை ஊற்றுகிறோம். விளிம்பில் சில்லு பெயர்ந்ததை மட்டும் மீண்டும் ஓவனில் வைக்காதீர்கள்.