மூக்கு, சைனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் செய்ய வேண்டியவை

மூக்கின் நடுத்தண்டு வளைவை நேராக்கியவர்களும் சைனஸ் வழியைத் திறந்துகொண்டவர்களும் வீடு திரும்பியதும் கேட்பது ஒன்றுதான்: "முன்னைவிட அதிகமா அடைக்குதே, ஆபரேஷன் சரியாத்தான் நடந்துச்சா?" அடைக்கத்தான் செய்யும். உள்தோல் வீங்கியிருக்கும், ரத்தமும் சளியும் பொருக்காகக் காய்ந்திருக்கும், சிலருக்கு உள்ளே சிலிக்கோன் தகடும் இருக்கும். தகட்டைப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். மூச்சு முழுதாகச் சீராக 3 மாதம்வரை ஆகலாம்.

முதல் வாரம் 2, 3 தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். இளஞ்சிவப்பாக நீர் கசிவது இயல்பு; மூக்குக்குக் கீழே பஞ்சுத்துணி ஒட்டி, நனைந்தால் மாற்றினால் போதும். 2 வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்மவும். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவது, மலம் கழிக்க முக்குவது, கொதிக்கக் கொதிக்க ரசம் குடிப்பது எல்லாமே ரத்தக் கசிவைக் கிளப்பும். வலிக்குப் பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துபவை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் எப்போது மீண்டும் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்லிப் பெரியவர்கள் வற்புறுத்துவார்கள். சளிக்கு இதமான வைத்தியம்தான், ஆனால் பச்சைப் புண்ணில் சூட்டு ஆவி பட்டால் ரத்தக் குழாய் விரிந்து கசியும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். கடலூர் சில்வர் பீச்சிலோ புதுச்சேரிக் கடலிலோ குளிப்பதும் அப்படியே.

இனி, குணமாவதில் பாதி வேலையைச் செய்யும் மூக்குக் கழுவலுக்கு வருவோம். பொருக்கை இளக்கி வெளியேற்றாவிட்டால் அது கெட்டியாகி, எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டிக்கொண்டு, திறந்த வழி மறுபடி மூடிக்கொள்ளும். எந்த நாளில் தொடங்குவது என்று மருத்துவரே சொல்வார். வழக்கமாக ஒரு நாளைக்கு 2 முதல் 4 முறை.

குழாய்த் தண்ணீர், கடலோர போர்த் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் அப்படியே ஊற்றாதீர்கள். குடிக்க நல்ல தண்ணீராக இருந்தாலும் மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கக்கூடும். மூக்கு வழியாகப் போனால்தான் அதற்குப் பாதை. தளதளவென்று 1 நிமிடமாவது கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, வெதுவெதுப்பாக எடுங்கள். 240 மி.லி.க்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேர்க்காத தூய உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. அயோடின் உப்பு சிலருக்கு எரியும். மரக்காணம் கல்லுப்பு இயற்கையானதுதானே என்று கரைத்தால் மண்ணும் சேர்ந்தே போகும். மெடிக்கலில் விற்கும் மூக்குக் கழுவும் உப்புப் பொட்டலம்தான் எங்கள் பரிந்துரை; அளவு தவறாது.

வாஷ் பேசின்மீது லேசாகக் குனிந்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி, மூக்குக் கழுவும் பாட்டிலின் முனையைத் துவாரத்தில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். பாதித் தண்ணீர் ஒரு துவாரத்துக்கு, மீதி மற்றதற்கு. நடுவில் எச்சில் விழுங்கினாலோ வேகமாக அழுத்தினாலோ காது அடைத்து வலிக்கும். உப்பு கூடினாலும் குறைந்தாலும் எரியும். முடிந்ததும் தண்ணீர் தானாக வடியட்டும். ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதியிருந்தால் கழுவிக் கால் மணி நேரம் கழித்து. வலது துவாரத்துக்கு இடக்கையால், முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பாட்டிலைத் தினமும் சோப்பால் கழுவிக் காயவையுங்கள்.

ரத்தம் கொட்டினால் பலர் அண்ணாந்து படுத்துவிடுகிறார்கள். ரத்தம் வயிற்றுக்குள் போய் வாந்திதான் வரும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலர், மூச்சு வந்துவிட்டதென்று அடுத்த பரிசோதனைக்குப் போவதில்லை. எண்டோஸ்கோப் (உள்ளே பார்க்கும் மெல்லிய கேமராக் குழாய்) வைத்துப் பொருக்கை எடுப்பதும், சுவர்கள் ஒட்டத் தொடங்கியிருந்தால் பிரிப்பதும் அப்போதுதான். பஸ் ஏறிப் போய்விடுங்கள்.

பிடித்தும் நிற்காத ரத்தம், கண் வீக்கம், பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிவது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்து விறைப்போடு கடும் தலைவலி, குனிந்தால் ஒரு துவாரத்திலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டுவது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறுவை செய்த மருத்துவமனைக்கு உடனே போங்கள். வண்டி இல்லையென்றால் 108.