டிரைக்கோமோனாஸ் கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைரஸால் வராத பால்வினைத் தொற்றுகளில் உலகில் அதிகம் பரவியிருப்பது டிரைக்கோமோனியாசிஸ். டிரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வருவது. 2020-ல் 15 முதல் 49 வயதினரிடையே 15.6 கோடி புதிய தொற்றுகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மெட்ரோனிடசோல் மாத்திரையில் குணமாகிவிடும். கவனிக்காமல் விட்டால் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து கூடும். குறைமாதப் பிரசவத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டு. இவ்வளவு முக்கியமான ஒரு தொற்று நாடு முழுக்க எப்படிப் பரவுகிறது என்பதைப் படிப்பதில், அமெரிக்காவைப் போல ஆய்வகங்கள் நிறைந்த நாட்டில்கூட, ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலில், அரசிடம் முழுக் கணக்கு இருக்கும் என்று நினைப்பது. அமெரிக்காவில் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் ஆகிய பால்வினை நோய்களைக் கண்டறிந்தால் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். டிரைக்கோமோனாஸ் அந்தத் தேசியப் பட்டியலில் இல்லை. அதனால் நாடு தழுவிய நோயாளிப் பதிவும் இல்லை. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஆண்டறிக்கைகளில் பல வருடங்கள் இடம்பெற்றது, இந்தத் தொற்றுக்காகப் பெண்கள் தனியார் டாக்டர்களை முதல்முறை பார்க்க வந்த எண்ணிக்கையின் மதிப்பீடுதான். டாக்டரிடம் வருவது குறைந்தால் நோய் குறைந்தது என்று பொருள் இல்லை. கையில் காசில்லாமலும் வராமல் இருந்திருக்கலாம்.

அதைவிட, தொந்தரவே இல்லாததால் வராமல் இருப்பவர்கள்தான் அதிகம். அமெரிக்காவின் 2001-2004 தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் தொற்று இருந்த பெண்களில் 85 சதவீதம் பேருக்கு அறிகுறி ஏதும் இல்லை. அறிகுறியை வைத்து எண்ணினால் ஏழில் ஆறு பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள். நம் ஊருக்கும் இது பொருந்தும். இந்தியாவின் அரசு பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களில் வெள்ளைப்படுதலோடு வருகிறவருக்கு, ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல், அறிகுறியை வைத்தே பச்சை நிற மருந்துப் பொட்டலம் கொடுக்கும் முறை இருக்கிறது. சிகிச்சைக்கு அது சரி, தாமதமில்லாமல் மருந்து போய்ச் சேருகிறது. ஆனால் அந்தப் பொட்டலங்களை எண்ணி டிரைக்கோமோனாஸ் இத்தனை என்று சொல்ல முடியாது.

அடுத்தது சோதனை முறை. பழைய வழி, மாதிரியில் ஒரு சொட்டு சலைன் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பேரிக்காய் வடிவத்தில், வெள்ளை அணு அளவில் இருக்கும் ஒட்டுண்ணி துள்ளித் துள்ளி நகரும். அந்தத் துள்ளலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். ஸ்லைடு ஆறிப்போனால் துள்ளல் நின்றுவிடும். அப்புறம் அதையும் வெள்ளை அணுவையும் பிரித்துச் சொல்வது கடினம். உடனே பார்த்தாலே பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தொற்றுகள்தான் தெரியும். தள்ளிப் பார்த்தால் அதுவும் குறைந்துவிடும். ஒட்டுண்ணியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைத்தது, அதுவும் முதலில் பெண்களுக்கு மட்டும். ஒரு மருத்துவமனை பழைய முறையிலிருந்து இதற்கு மாறிய வருடம் எண்ணிக்கை எகிறத்தான் செய்யும். அதைப் பார்த்து ஊரில் தொற்று பரவிவிட்டது என்று எழுதக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது, ஒட்டாத எண்களை அருகருகே வைத்து ஏற்றம் இறக்கம் சொல்வது. 2001-2004 கணக்கெடுப்பில் பெண்களில் 3.1 சதவீதம், 2013-2016-ல் 1.8 சதவீதம். ஆக நோய் குறைந்துவிட்டது என்று முடித்துவிடத் தோன்றும். முதலாவதில் 14 முதல் 49 வயது, பெண்ணுறுப்பிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரி. இரண்டாவதில் 18 முதல் 59 வயது, சிறுநீர் மாதிரி. வயதும் வேறு, மாதிரியும் வேறு. இடையில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, 21 மாநிலங்களில் 7,500-க்கும் மேற்பட்ட பெண்களைச் சோதித்து 8.7 சதவீதம் என்றது. அது மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களிடம் எடுத்தது, பொதுமக்களிடம் அல்ல. மூன்று எண்ணும் அதனதன் அளவில் சரி. ஒரே கோட்டில் வைத்து வரைபடம் போட்டால்தான் பொய்யாகிறது.

இன்னொரு ஜோடி இதைவிட மோசமாக ஏமாற்றும். அமெரிக்காவில் 2008-க்கான மதிப்பீடு: ஒரு நேரத்தில் தொற்றோடு இருப்பவை 37 லட்சம், வருடத்தில் புதிதாக வருபவை 11 லட்சம். 2018-க்கான மதிப்பீடு: இருப்பவை 26 லட்சம், புதியவை 69 லட்சம். இருப்பது குறைந்து, புதியது ஆறு மடங்கு கூடுமா? முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். 2008 கணக்கில் ஒரு தொற்று சராசரியாக மூன்று வருடத்துக்கு மேல் உடலில் தங்குவதாக வருகிறது. 2018 கணக்கில் ஐந்து மாதம்கூட வரவில்லை. மாறியிருப்பது பெரும்பாலும் கணக்குப் போட்ட விதம். இருக்கும் தொற்று, புதிய தொற்று, தங்கும் காலம் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றை மட்டும் பிடித்து இழுத்துத் தலைப்புப் போடக் கூடாது.

ஆண்கள் விஷயத்திலும் இந்தத் தங்கும் காலம்தான் குழப்புகிறது. 2013-2016-ல் ஆண்களில் 0.5 சதவீதம் பேரிடம்தான் தொற்று தெரிந்தது. ஆண்களில் பலருக்கு அது தானாகவே போய்விடுவதால், சோதிக்கும் நாளில் இருக்காது. ஆண்களுக்குப் பங்கில்லை என்று இதைப் படித்து இணையருக்குச் சிகிச்சை கொடுக்காமல் விட்டால், அந்தப் பெண்ணுக்கே தொற்று திரும்பி வரும்.

மாநில வாரியாகப் பிரிப்பதும் கூடாது. அந்தத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு நடமாடும் பரிசோதனை வண்டிகளோடு வருடத்துக்குச் சுமார் 15 மாவட்டங்களுக்குத்தான் போகிறது. நாட்டுக்கு ஒரு விகிதம் சொல்லத்தான் அது. சிறையில் இருப்பவர்கள் அதில் சேர்த்தியே இல்லை. சிறையிலுள்ள பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் 9 முதல் 32 சதவீதம் வரை தொற்று தெரிந்திருக்கிறது.

இன வேறுபாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் நிதானமாக எழுத வேண்டும். 2001-2004-ல் கறுப்பினப் பெண்களில் 13.3 சதவீதம், வெள்ளையினப் பெண்களில் 1.3 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்ததும் நடத்தையைக் குறை சொல்வது அநியாயம். ஒரு வட்டத்தில் தொற்று ஏற்கெனவே அதிகமாக இருந்தால், ஒரே ஒரு இணையர் உள்ள பெண்ணுக்கும் ஆபத்து அதிகம். வறுமை, சிகிச்சை எட்டாத தூரம், குடும்பங்களைப் பிரிக்கும் சிறைத்தண்டனைகள் எல்லாம் அந்த வட்டத்துக்குள் தொற்றைத் தங்கவைக்கின்றன. அந்த எண்ணை எடுத்துச் சொல்கிறவர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசியாக வயது. கிளமிடியாவும் கொனோரியாவும் இளம்பெண்களிடம் உச்சத்தில் இருப்பதால், 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களையே வழக்கமாகச் சோதிக்கிறார்கள். டிரைக்கோமோனாஸ் அப்படியில்லை. மேலே சொன்ன 21 மாநில ஆய்வில் 40 வயதைத் தாண்டிய பெண்களிடம்தான் அதிகம், 11 சதவீதத்துக்கும் மேல். கிளமிடியாவுக்காக எடுத்த மாதிரிகளை வைத்தே இந்தத் தொற்றைக் கண்காணித்தால், நாற்பது வயதுப் பெண்ணிடம் யாரும் மாதிரியே கேட்டிருக்க மாட்டார்கள்.