பைனரி மரத்துக்குள் பெரிய சர்ச் ட்ரீ: எங்கே தவறுகிறோம்?

மதுரை அண்ணா நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகள் ஞாயிறு மாலைகளில் கூடுவார்கள். மேலூர், திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. போன வாரம் போர்டில் ஒரு மரம் வரைந்தேன். உச்சியில் 25. அதற்கு இடப்பக்கம் 18, வலப்பக்கம் 40. 18-க்குக் கீழே 10, 28. 40-க்குக் கீழே 33, 52. 52-க்கு வலப்பக்கம் 60. மரத்தில் ஒவ்வொரு எண்ணும் உட்காரும் இடம்தான் நோடு; மொத்தம் 8 நோடு. ஒரு நோடுக்குக் கீழே அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள் என்றால் அது பைனரி மரம். எந்த நோடை எடுத்தாலும் இடக்கிளை எண்கள் எல்லாம் அதைவிடச் சிறியவை, வலக்கிளை எண்கள் எல்லாம் பெரியவை என்றால் அது பைனரி சர்ச் ட்ரீ. இதற்குள் இருக்கும் மிகப் பெரிய பைனரி சர்ச் ட்ரீயில் எத்தனை நோடு?

"எட்டு சார்!" உடனே ஒரு குரல். ஒவ்வொரு நோடையும் அதன் நேர்ப் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டால் எட்டுதான் வரும். ஆனால் 28, 25-க்கு இடப்பக்கக் கிளையில் உட்கார்ந்திருக்கிறதே! இடக்கிளை முழுவதிலும் பெரிய எண் எது, வலக்கிளை முழுவதிலும் சிறிய எண் எது என்று பார்க்க வேண்டும்.

"அப்போ 28-ஐ விட்டுட்டா ஏழு?" என்றான் மேலூர்ப் பையன். நன்றாகத்தான் யோசித்தான். ஆனால் இங்கே கேட்பது சப்ட்ரீ. ஒரு நோடை எடுத்தால் அதன் கீழே உள்ள அத்தனையும் கூடவே வரும், நடுவில் கிள்ளி எறிய முடியாது. விடை 4, அதாவது 40-ஐத் தலையாகக் கொண்ட கிளை.

சரி, புரோகிராமுக்கு வருவோம். ஒவ்வொரு நோடிலும் நின்று அதன் கீழே முழுவதையும் புதிதாகச் சோதிப்பவர்கள் நிறைய. ஒரே பக்கம் நீளும் மரத்தில் அது நோடு எண்ணிக்கையின் வர்க்கம் அளவுக்கு வேலை வைக்கும். கீழிருந்து மேலே வாருங்கள். ஒவ்வொரு கிளையும் சர்ச் ட்ரீயா, அதன் சிறிய எண், பெரிய எண், இதுவரை கிடைத்த பெரிய அளவு என்ற நான்கையும் மேலே சொல்லட்டும். ஒரே நடையில் முடிந்துவிடும்.

நான் அதிகம் பார்க்கும் பிழை காலி இடத்தில்தான், அதாவது பிள்ளை இல்லாத பக்கத்தில். அங்கே சிறிய எண், பெரிய எண் இரண்டுக்கும் 0 போட்டுவிடுகிறார்கள். அப்போது கீழே பிள்ளையே இல்லாத 10 என்ற தனி இலையே தோற்றுவிடும். வலப்பக்கத்துச் சிறிய எண் 0, அது 10-ஐவிடப் பெரியதாக இல்லையே! காலி இடத்துக்குச் சிறிய எண் முடிவிலி, பெரிய எண் மைனஸ் முடிவிலி. தலைகீழாகத் தெரியும், ஆனால் அதுதான் சரி.

அப்புறம், 25 சர்ச் ட்ரீ ஆகவில்லை என்றதும் அளவாக 0 அனுப்பாதீர்கள். இடப்பக்கம் 3, வலப்பக்கம் 4. பெரியதான 4 மேலே போக வேண்டும்.

பைத்தானில் எழுதினால் இன்னொன்று: ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைப்பது) ஆழத்துக்கு அது வைத்திருக்கும் வழக்கமான வரம்பு 1000. சங்கிலி போல நீளும் மரத்தைக் கொடுத்துப் பாருங்கள், அங்கேயே நின்றுவிடும்.