‘விசேஷம் உண்டா?’ என்று கேட்பதற்கு முன்

கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு உப்பு வைப்பதற்குள், திருமணமாகி நான்கைந்து ஆண்டுகளான ஒரு பெண்ணிடம் யாராவது ஒருவர் “விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்டுவிடுவார். கேட்பவர் கெட்டவர் அல்லர், பாசத்தோடுதான் கேட்கிறார். ஆனால், இன்ன காலத்துக்குள் இது நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை, ஆகவே காரணம் சொல் என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு மாமி என்ற உரிமையில் இப்படிக் கேட்டுப் பழகியவர்களுக்காக (நானும் அவர்களில் ஒருத்திதான்) இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

முதலில், ஒரு வீட்டில் குழந்தை இல்லை என்பது மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது, ஏன் இல்லை என்பது தெரிவதில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குழந்தை வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்த வீடும், கடன் வாங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் வீடும், போன மாதம் கரு கலைந்து அதை யாரிடமும் சொல்லாத வீடும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கருத்தரிப்புச் சிக்கலைச் சந்திக்கிறார். அந்தச் சிக்கலுக்கான காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். இருந்தும் நம் கேள்வி பெண்ணின் பக்கமே போகிறது. அந்தப் பந்தியில் நம் எதிரே இருப்பவள் காலையில் கருமுட்டை வளர்ச்சிக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு, பட்டுப்புடவை கட்டி, சிரித்தபடி வந்திருக்கலாம். எது விருப்பம், எது வலி என்று நம்மால் பிரித்தறிய முடியாதபோது, இரண்டுக்கும் பொருந்துகிற நடத்தை ஒன்றுதான்: கேட்காமல் இருப்பது.

நாக்கு நுனிவரை வந்துவிட்ட கேள்வியை நிறுத்த எனக்கு உதவுகிற வழி, பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று யோசிப்பதுதான். “இல்லை” என்று அவள் சொன்னால், என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் இன்னொருவரிடம் சொல்வதைத் தவிர. அந்தப் பதில் எனக்குத் தேவையில்லை என்பது அப்போதே விளங்கிவிடும்.

கேள்வியை மாறுவேடத்தில் கேட்பதும் கேட்பதே. “உன் மாமியாருக்கு வயதாகிறதே, பேரனைப் பார்க்க ஆசை இருக்காதா?” என்பதும், பூனை வளர்க்கும் தம்பதியைப் பார்த்து “இதற்குச் செலவழிக்கிற நேரத்தில்…” என்று இழுப்பதும், அடுத்தவர் குழந்தையை அவள் மடியில் உட்காரவைத்துவிட்டு முகத்தை உற்றுப் பார்ப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவை. அவளுடைய வேலையைப் பற்றிப் பேசுங்கள், புதிதாகக் குடிவந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். குழந்தையைத் தவிரப் பேச ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், அவளை நாம் அவ்வளவாக அறிந்துவைத்திருக்கவில்லை என்றே பொருள்.

அவர்களாகக் கேட்காதபோது அறிவுரை சொல்லாதீர்கள். மருத்துவர் பெயரும் சரி, விரத நாளும் சரி, திருக்கருகாவூரிலிருந்து வாங்கிவந்த நெய்யும் சரி, அவர்கள் வாய்திறந்து கேட்டால் கொடுக்கலாம். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து உறவினர்கள் கொடுத்த ஐந்து நெய்ப் புட்டிகள் ஒரு சமையலறை அலமாரியில் வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அன்பின் பெயரால் வந்தவையே ஆனாலும், ஒவ்வொன்றும் ஒரு நினைவூட்டல்.

“எங்களுக்குக் குழந்தை வேண்டாம்” என்று அவர்களே சொல்லிவிடும்போதுதான் நமக்கு உண்மையான சோதனை. “இப்போது இப்படித்தான் சொல்வாய்” என்று சொன்னால், முப்பது வயதைக் கடந்த ஒருவருடைய முடிவைச் சிறுபிள்ளை அடம்போல நடத்துகிறோம். “வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று கேட்பதற்கு முன், பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில் இருக்க, தனியாக மாத்திரை பிரித்துச் சாப்பிடுகிற நம் தெருப் பெரியவர்களை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று ஒரு பெண் தேர்ந்துகொள்வது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே கூறியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஏற்றது. அரசே தலையிடத் தயங்க வேண்டிய இடத்தில் பெரியம்மா தயங்காமல் நுழைவது சற்று வேடிக்கைதான். அவர்கள் முடிவை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. “சரி, நீங்கள் யோசித்துத்தான் முடிவெடுத்திருப்பீர்கள்” என்று சொல்லிவிட்டு, அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கோ அவளுடைய அம்மாவின் காதுக்கோ கொண்டுபோகாமல் இருந்தால் போதும்.

இந்த மௌனத்துக்கு ஓர் எல்லை உண்டு. குழந்தை இல்லை என்பதற்காக ஒருத்தியை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள், மகனுக்கு வேறு கல்யாணம் செய்துவைப்போம் என்று மிரட்டுகிறார்கள் என்றால், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று ஒதுங்குவது பிழை. அவளைத் தனியே சந்தித்து என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குத் தரும் பாதுகாப்பையும் சொல்லுங்கள்.

வளைகாப்புக்கு அழைப்பதில் தனிக் கவனம் வேண்டும். சில வீடுகளில் குழந்தை இல்லாத பெண்ணை வளையல் அடுக்க விடுவதில்லை. வேறு சில வீடுகளில், அடுத்தது அவளுக்கு நடக்கட்டும் என்று கர்ப்பிணியின் பக்கத்தில் உட்காரவைத்து எல்லோர் முன்னிலையிலும் வளையல் போடுகிறார்கள். இரண்டிலும் கூட்டத்தின் பார்வை அவள்மேல்தான் விழுகிறது. எல்லோரையும்போல அழையுங்கள், வந்தால் எல்லோரையும்போல வளையல் அடுக்கச் சொல்லுங்கள், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று துருவாதீர்கள்.

ஏற்கெனவே கேட்டுவிட்டவர்கள் என்ன செய்யலாம்? நான் என் நாத்தனார் மகளிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, “அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னேன். நல்லெண்ணத்தில்தான் கேட்டேன் என்று விளக்கம் சேர்த்திருந்தால், என்னைத் தேற்றும் வேலையும் அவள் தலையில் விழுந்திருக்கும். “பரவாயில்லை அத்தை” என்றாள். காரணத்தை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாண்டுகளுக்குப் பிறகு, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்திருப்பதாக அவளே அழைத்துச் சொன்னாள். எங்கிருந்து, யார் பெற்றது, ஏன் என்று வாய்வரை வந்த மூன்று கேள்விகளையும் விழுங்கிவிட்டு, குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.