செலவு விரதம் முடிந்த மறுநாள் என்ன செய்வது?

வாடகை, மளிகை, மருந்து, பயணம் தவிர வேறெதற்கும் 30 நாள் காசை எடுப்பதில்லை என்று இரண்டு முறை விரதம் இருந்தேன். இரண்டு முறையும் முழுதாக முடித்தேன். ஆனால் 31ஆம் நாள் தொடங்கி ஒரே வாரத்தில் மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்தது. செருப்பு, தலையணை உறை, நண்பருக்கான பரிசு எல்லாம் வரிசைகட்டி நின்றன. ஒத்திப்போட்ட செலவைத்தான் சேமிப்பு என்று நம்பியிருந்தேன்.

படி 1: விரதத்தை 7 நாளாகச் சுருக்குங்கள். வாங்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் பொருள், விலை, நேரம் மூன்றையும் எழுதுங்கள். என் தாளில் 11 பதிவுகள். அவற்றில் 8 இரவு பத்து மணிக்குமேல், கைபேசியில்.

படி 2: அந்தத் தாள் காட்டும் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றுங்கள். கடைச் செயலிகளில் சேமித்திருந்த அட்டை எண்ணை நான் நீக்கினேன். எழுந்துபோய்ப் பணப்பையைத் தேடி 16 இலக்கங்களைத் தட்டுவதற்குள் பாதி ஆசை அடங்கிவிடுகிறது. அவசரப்பட்டு இரண்டாவது பழக்கத்தைத் தொடாதீர்கள். 2010இல் வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. ஒரு மாத விரதம் எனக்கு ஏன் போதவில்லை என்பது அதைப் படித்தபிறகே விளங்கியது.

படி 3: கடந்த மூன்று மாதச் சராசரிச் செலவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் குறைத்து வரம்பு வையுங்கள்.

படி 4: நான் தடுக்கி விழுந்த இடம் இது. நான்காம் மாதம் காப்பீட்டுத் தவணை வந்தது; போட்ட கணக்கு மொத்தமும் குலைந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வருபவற்றை எல்லாம் கூட்டி 12ஆல் வகுங்கள். 12,000 என்றால் மாதம் 1,000. அதைச் சம்பள நாளன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மாற்றலாம் என்று விட்டால் மிஞ்சாது.

கணக்கெழுதச் செயலியைவிட நோட்டுப் புத்தகமே மேல் என்பேன். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904இல் அறிமுகப்படுத்திய ‘ககேபோ’ குடும்பக் கணக்கேடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தானாகப் பதிவாகும் செலவை நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கையால் எழுதிய தொகை உறுத்துகிறது.

பின்சேர்க்கை: மாத வருமானம் நிலையில்லாதவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். கடந்த 12 மாதங்களில் மிகக் குறைவாக வந்த மாதத்தை அடிப்படையாக வைத்து வரம்பு போடுங்கள். கூடுதலாக வருவது முதலில் அந்தத் தனிக் கணக்குக்குப் போகட்டும்.