எந்தப் புத்தகத்தை எதில் படிப்பது: குமரி மாவட்டத்து வாசகர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

படிப்பு குறைந்துபோனதற்குப் போனைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரு நாளில் போனில் கண்ணை ஓட்டும் எழுத்தையெல்லாம் கூட்டினால் நாவலில் ஓர் அத்தியாயமாவது தேறும். குறைந்திருப்பது ஒரே புத்தகத்தில் உட்கார்ந்து இருப்பதுதான். புத்தகமும் அதைப் படிக்கும் கருவியும் பொருந்தாமல் போவது இதற்கு ஒரு பெரிய காரணம். 600 பக்க நாவலை வாட்ஸப்பில் வந்த பிடிஎஃப்பாகத் திறப்பவர் 40 பக்கம் தாண்டுவது அபூர்வம். அதே நாவலை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்துவந்தால், திருப்பித் தரவேண்டிய தேதிக்கு அஞ்சியாவது முடித்துவிடுவார்.

எனவே முதல் பக்கத்தைப் புரட்டும் முன்பே, இதை எதில் படிக்கப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். பாத்திரங்கள் நிறைந்த பெரிய நாவல், கவிதை, அடிக்குறிப்பு மண்டிய ஆய்வு நூல் மூன்றும் தாளுக்கு. நாவலில் பின்னால் புரட்டி ‘இது யாருடைய மச்சான்’ என்று பார்க்க வேண்டியிருக்கும். கவிதையின் அடிகள் குறுகிய திரையில் கண்ட இடத்தில் உடையும். சிறுகதை, கட்டுரை, பயண நூல் ஆகியவற்றுக்கு இ-ரீடர் (கிண்டில் போல மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி) போதும். அகராதி, சங்கப் பாடல்கள், உரைகள் போன்று தேடிப் பார்க்க வேண்டியவை திரையில்தான் வசதி. போனை இரண்டு மூன்று பக்கக் கட்டுரைகளுக்கும், வாங்கலாமா என்று ஓர் அத்தியாயம் பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நூல்களை எங்கே எடுப்பது

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1954இல் மறைந்தார். ஆகவே 2015 தொடக்கத்திலிருந்து அவருடைய எழுத்தை யாரும் பதிப்பிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை இலவசமாக எடுக்கலாம் என்பதில் பெரும்பாலும் குழப்பம் வராது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு இந்த 60 ஆண்டும் காத்திருக்க வேண்டாம்.

தட்டச்சு செய்த இலக்கியப் பனுவல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளம். ஸ்கேன் செய்த அரிய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து எழுத்துக்கு நூலகம் தளம். நேராக இ-ரீடரில் போட இ-பப் (திரைக்கேற்ப வரி மடங்கும் மின்னூல் வடிவம்) வேண்டுமென்றால் ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ். வாழும் எழுத்தாளரின் புத்தகம் டெலிகிராமில் பிடிஎஃப்பாக வந்தால் இறக்காதீர்கள். சில நூறு பிரதி அச்சடிக்கும் பதிப்பாளருக்கு 50 பேர் வாங்காமல் விடுவதே பெரிய அடி. தவிர, அப்படி இறக்கிய கோப்பை யாரும் படிப்பதுமில்லை.

பிடிஎஃப் என்னும் தலைவலி

தமிழ் வாசகருக்குத் திரையில் வரும் தொல்லையில் பாதிக்குமேல் இங்கேதான். பிடிஎஃப் மூன்று வகை. எந்த வகை என்று தெரிய ஒரு வரியை நீண்ட நேரம் அழுத்தித் தேர்ந்தெடுத்து, வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யுனிகோட், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. அதைத் தேடலாம், இ-பப்பாக மாற்றலாம். புள்ளியும் கொம்புமாக ஐரோப்பிய எழுத்துக் குப்பை வந்தால் பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கிய பிறகே எதுவும் செய்ய முடியும். இதை அறியாமல் நேராக இ-பப்பாக மாற்றிவிட்டு ‘இ-ரீடர் கெட்டுப்போச்சு’ என்பவர்கள் நிறைய. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையென்றால் அது வெறும் படம், அதாவது ஸ்கேன்.

ஸ்கேன் நூலுக்கு அளவுக் கணக்கு முக்கியம். டெம்மி 1/8 என்னும் வழக்கமான அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறக்குறைய 5.5 அங்குல அகலம். 6 அங்குல இ-ரீடர் என்பது மூலைக்கு மூலை அளந்தது. அதன் திரை அகலம் 3.6 அங்குலம்தான். பக்கத்தின் முழு அகலத்தையும் அதில் திணித்தால் எழுத்து மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 12 புள்ளி (பாயின்ட்) எழுத்து 8 புள்ளியாகிவிடும். ஓரங்களை வெட்டி, கருவியைக் குறுக்காகத் திருப்புங்கள். அப்போது அகலம் 4.8 அங்குலம், நாலேகால் அங்குல எழுத்துப் பரப்பு அச்சில் இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஓரம் வெட்ட கோரீடர் என்ற இலவசச் செயலியில் தானியங்கி வசதி உண்டு. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். ஸ்கேன்களை மட்டுமே நிறையப் படிப்பவர் 10 அங்குலக் கருவி வாங்கிவிடுவது நல்லது.

ஸ்கேனை எழுத்தாக மாற்ற வேண்டுமென்றால், பத்துப் பத்துப் பக்கமாக, துண்டுக்கு 2 எம்பிக்கு மிகாமல் பிரித்துக் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். கோப்பில் ரைட் கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறங்கள். பக்கத்தில் உள்ளது எழுத்தாக வரும். மெய்ப்புப் பார்க்காமல் நம்பாதீர்கள். துணைக்கால் ‘ர’ ஆகும், ‘ர’ துணைக்கால் ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தும்பிக்கை போட்ட லை, னை, ணை, ளை வரும் இடமெல்லாம் தடுமாறும். எனவே பழைய நூலில் மேற்கோள் எடுக்கத் தேவையான பக்கங்களை மட்டும் மாற்றுங்கள். முழு நூலையும் திருத்த உட்கார்ந்தால் படிப்பு நின்றுபோய்த் தட்டச்சு வேலை தொடங்கிவிடும்.

யுனிகோட் இ-பப் கிண்டிலுக்குப் போக, அமேசானின் சென்ட் டு கிண்டில் சேவை போதும். பழைய மோபி வடிவத்தை அது இப்போது ஏற்பதில்லை. ‘கொ’வின் கொம்பு தனியே பறந்தாலோ கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ, கணினியில் கேலிபர் என்ற மின்னூல் மாற்றும் மென்பொருளைத் திறந்து, மாற்றும்போது ‘லுக் அண்ட் ஃபீல்’ பகுதியில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவை உள்ளே பதித்துவிடுங்கள். கடையில் வாங்கிய மின்னூல் உங்கள் கையில் இருப்பது உரிமத்தின் பேரில்தான். 2025 பிப்ரவரியோடு அமேசான் தளத்திலிருந்து கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியும் போய்விட்டது. மீண்டும் மீண்டும் படிக்கும் நூலென்றால் அச்சில் வாங்குங்கள்.

திரையின் அமைப்பு

தமிழ்ச் சொற்கள் நீளம். இரு பக்கமும் வரி சமமாக நிற்கும்படி வைத்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குசெய்யுங்கள். மேலும் கீழும் கொக்கி, சுழி இருப்பதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட ஒரு படி கூட்டுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் போனை நேராகப் பிடித்தால் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். கண் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். போனைக் குறுக்காகப் பிடியுங்கள்.

போனில் படித்தே ஆகவேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு அமைப்புகளில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஃபோகஸ் மோடைத் திறந்து வாட்ஸப், யூடியூப், இன்ஸ்டாகிராம் மூன்றையும் அதில் சேருங்கள். ஒலியை மட்டும் அணைப்பது பத்தாது. மேலே வந்து நிற்கும் சின்ன அடையாளமே கையை இழுத்துவிடும். புத்தகம் முன்பே இறக்கி வைத்ததென்றால் ஏரோபிளேன் மோட் இன்னும் நல்லது.

எத்தனை பக்கம் படிப்பது என்பதற்கு அடுத்தவர் சவாலைப் பார்க்க வேண்டாம். 20 நிமிடம் அலாரம் வைத்துப் படியுங்கள், பக்கத்தை எண்ணுங்கள். 10 பக்கம் வந்தால் 400 பக்க நாவலுக்கு 40 அமர்வு; காலை ஒன்று இரவு ஒன்று என்றால் மூன்று வாரத்துக்குள் முடியும். கணக்கு முன்னால் இருந்தால் ஒரு நாள் விட்டுப்போனதற்காகப் புத்தகத்தையே மூடி வைக்கத் தோன்றாது.

பயணத்தில்

திருவனந்தபுரம் ரயிலில் தினமும் போய்வருபவருக்கு இ-ரீடரைப்போல வேறெதுவும் இல்லை. நாகர்கோவில்–மார்த்தாண்டம் பஸ்ஸின் குலுக்கலில் தலை சுற்றுமானால் காதால் படியுங்கள். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை வைஃபை இருக்கும்போதே இறக்குங்கள். இ-பப்பைக் கூகுள் பிளே புக்ஸில் ஏற்றி வாசிக்கச் சொல்லலாம். கட்டுரை, வரலாறு தாங்கும். கவிதையையும் வட்டார வழக்குப் பேச்சையும் எந்திரம் கொன்றுவிடும்.

குறிப்பு

படிக்கும்போது குறிப்பெடுக்கத் தாளில் 2பி பென்சில். மை வேண்டாம், ஈரம் பட்டால் பரவும். பின்னட்டையின் உள்பக்கத்தில் பக்க எண்ணும் மூன்று சொல்லும் எழுதுங்கள்: ‘112 – மழை, கடன், வழக்கு’. திரையில் கோடு போட்டவற்றுக்குப் பக்க எண்ணை நம்பாதீர்கள். எழுத்தளவை மாற்றினால் பக்கமும் மாறும். அத்தியாயத்தின் பெயரையும் பத்தியின் முதல் நான்கு சொல்லையும் சேர்த்து வையுங்கள்.

நம் ஊர் ஈரம்

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. தாளைத் தேர்ந்தால் ஈரத்தையும் சமாளிக்கத்தான் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை வரும். ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் 3 அங்குலம், கடைசித் தட்டுக்கும் தரைக்கும் 6 அங்குலம் இடைவெளி. வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். மூடிய அலமாரியானால் தட்டுக்கு 100 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் துணிப்பையில் போடலாம். நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். திறந்த அலமாரியில் அது வீண்செலவு. வசம்பு பூச்சிக்கு ஓரளவு உதவும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றில் இ-ரீடரின் சார்ஜ் துளைகூடத் துருப்பிடிக்கும். உறையில் வைத்துப் பழகுங்கள்.

ராமபாணப் பூச்சி கண்ட புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும். ஒரு நாள் பொறுத்துத் திறங்கள். நனைந்த புத்தகத்துக்கு 48 மணி நேரம்தான் கெடு. வெயிலில் போட்டால் தாள் நெளியும். பத்துப் பக்கத்துக்கு ஒரு டிஷ்யூ செருகி, நிற்கவைத்து, விசிறிக்காற்றில் விடுங்கள். டிஷ்யூ நனைய நனைய மாற்றுங்கள். வழவழப்பான படத்தாள் உள்ள நூலென்றால் ஒவ்வொரு தாளுக்கும் இடையே செருக வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே வராது. பூஞ்சை பிடித்துவிட்டால் முதலில் காயவிட்டு, முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும்.