நாய்க்கும் பூனைக்கும் வீட்டிலேயே நகம் வெட்டுவது எப்படி?

குளிப்பாட்டுவதையும் முடி சீவுவதையும் எப்படியோ சமாளித்துவிடுகிறவர்கள்கூட, நகம் வெட்டும் நாள் வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நகவெட்டியைக் கையில் எடுத்ததுமே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும், பூனை அலமாரி மேல் ஏறிவிடும். அப்புறம் துரத்தல், அமுக்கிப் பிடித்தல், கீறல்.

காரணம் எளிமையானது. பெரும்பாலோர் நகவெட்டி வாங்கிய அன்றைக்கே எல்லா நகத்தையும் வெட்டி முடித்துவிடப் பார்க்கிறார்கள். நகத்தை வெட்ட ஒரு நொடி போதும். காலைத் தொட விடுவதற்குப் பழக்குவதுதான் வேலையே. அதற்கு இரண்டு மூன்று வாரம்கூடப் பிடிக்கலாம், பிடிக்கட்டும். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் நகவெட்டி ஒரு நகத்தைக்கூட வெட்டாது.

படி 1: நகத்தைப் பார்த்துப் பழகுங்கள்

நாய், பூனை இரண்டுக்குமே வழக்கமாக முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு என மொத்தம் 18 நகங்கள். முன்காலின் உள்பக்கம், பாதத்துக்குச் சற்று மேலே, கட்டைவிரல் மாதிரி ஒன்று தனியாக இருக்கும். அது தரையில் படாது, அதனால் தேயாது. முடி அடர்ந்த நாய்க்கு அது இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. கவனிக்காமல் விட்டால் வட்டமாக வளைந்து சதைக்குள்ளேயே குத்தி ஏறிவிடும். சில நாய்களுக்குப் பின்காலிலும் இப்படி ஒன்று உண்டு, தடவிப் பாருங்கள்.

நகத்தின் வெளிப்பக்கம் நம் நகம் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆன ஓடு. அதற்குள் ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள சதை இருக்கிறது. வெட்ட வேண்டியது அந்தச் சதைக்கு முன்னால் இருக்கும் ஓட்டை மட்டும். வெள்ளை நகம் என்றால் கவலையில்லை, உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை தெரியும். பூனைகளுக்குப் பெரும்பாலும் இப்படித்தான். கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, படி 5-இல் வருகிறேன்.

வெட்டும் நேரம் வந்துவிட்டதா என்பதை நாய் நடக்கும் சத்தமே சொல்லிவிடும். வெறும் தரையில் நடக்கும்போது டக் டக் என்று கேட்டால் நகம் நீளம்தான். நீண்ட நகம் ஒவ்வொரு அடியிலும் தரையை முட்டி விரலை மேலே தள்ளும். நாளாக ஆக நாய் பாதத்தை ஊன்றும் விதமே மாறிப்போகும். வயதான நாய்க்கு இதுவே மூட்டுவலியோடு சேர்ந்துகொள்ளும், வழுவழுப்பான தரையில் கால் சறுக்கும். பூனை என்றால் நகம் போர்வையிலும் திரைச்சீலையிலும் மாட்டிக்கொண்டு, அது காலை உதறி உதறி எடுப்பதைப் பார்ப்பீர்கள்.

படி 2: வாங்க வேண்டியது கொஞ்சம்தான்

கத்தரிக்கோல் போலப் பிடியுள்ள நகவெட்டி ஒன்று வாங்குங்கள். பூனைக்கும் சின்ன நாய்க்கும் சிறியது, பெரிய நாய்க்கு நீளக் கைப்பிடியோடு உறுதியானது. வளையத்துக்குள் நகத்தை நுழைத்து அழுத்தும் வகையும் கடையில் கிடைக்கும். அதன் பிளேடு மழுங்கியதும் நகத்தை வெட்டாமல் நசுக்க ஆரம்பித்துவிடும், எங்கே வெட்டுகிறோம் என்பதும் சரியாகத் தெரியாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது வேண்டாம் என்பேன். சில நகவெட்டிகளில் ‘இதற்கு மேல் வெட்டாது’ என்று ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். உங்கள் நாயின் சதை எங்கே முடிகிறது என்று அந்தத் தகட்டுக்கு எப்படித் தெரியும்? அதை நம்பிக் கண்ணை எடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது ஸ்டிப்டிக் பவுடர், ரத்தத்தை உறைய வைப்பதற்கு. அது இல்லையென்றால் சமையலறையில் இருக்கும் கார்ன்ஃபிளார் போதும். தின்பண்டம் தாராளமாக இருக்கட்டும். நக்கிச் சாப்பிடுவதற்கென்றே மேடு பள்ளமாகச் செய்த ரப்பர் தட்டு ஒன்று வாங்கினால் வீண்போகாது. நாய் அதில் மூழ்கியிருக்கும்போது நீங்கள் காலைப் பார்க்கலாம். அதில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் ஜாடியின் பின்பக்கத்தைப் படியுங்கள். சைலிடால் என்ற இனிப்பு சேர்த்திருந்தால் அது நாய்க்கு விஷம்.

மோட்டாரில் சுழன்று நகத்தைத் தேய்க்கும் கருவியும் உண்டு. கெட்டியான கறுப்பு நகமுள்ள நாய்க்கு நன்றாக உதவும். ஆனால் அந்தச் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் தனியாகப் பழக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒன்றிரண்டு நொடிக்கு மேல் வைத்தால் நகம் சூடாகிவிடும். பக்கத்தில் இருக்கும் நீளமுடி சுற்றிக்கொண்டால் வலி தாங்காது. முதல் தடவையே அதை வாங்க வேண்டியதில்லை.

படி 3: கால் தொடும் பழக்கம்

நாயோ பூனையோ சாப்பிட்டு, விளையாடி முடித்துச் சோம்பலாகப் படுத்திருக்கும் நேரம்தான் நல்ல நேரம். தோளில் கை வையுங்கள், அப்படியே முழங்கால் வரை தடவி இறக்குங்கள், உடனே ஒரு துண்டு தின்பண்டம். அவ்வளவுதான், எழுந்து போய்விடுங்கள். மறுநாள் பாதம் வரை. அதற்கடுத்து பாதத்தை ஒரு நொடி கையில் ஏந்துங்கள். பிறகு ஒரு விரலை மட்டும் லேசாகப் பிடியுங்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தொடுவது, பிறகு தின்பண்டம். தின்பண்டத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டுக் காலைப் பிடித்தால், நாளைக்குத் தின்பண்டத்தைப் பார்த்ததுமே ஓடும்.

காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். இழுக்க இழுக்க இறுக்கிப் பிடிப்பதுதான் நம் கை தானாகச் செய்யும் காரியம், அதைத்தான் அடக்க வேண்டும். இழுத்தால் விடுவார்கள் என்று தெரிந்த நாய்க்கு இழுக்க வேண்டிய அவசியமே குறைந்துபோகும்.

பயம் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறுமுவதும் கடிப்பதும் கடைசியில்தான் வரும். அதற்கு வெகு முன்பே நாய் உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்க்கும். பூனை வாலை அடிக்கும், காதை மடக்கும், முதுகுத்தோல் அலை அலையாகத் துடிக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைய பாடம் முடிந்தது.

குட்டியாக இருந்தால் உங்களுக்கு யோகம்தான். நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரையிலும், பூனைக்குட்டிக்கு 2 வாரத்திலிருந்து 7 வாரம் வரையிலும் புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும் பருவம். பூனைக்குட்டி பல நேரம் வீட்டுக்கு வரும்போதே அந்தப் பருவத்தைத் தாண்டியிருக்கும், அதனால் என்ன, பழக்கலாம். கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

படி 4: நகவெட்டியை அறிமுகப்படுத்துங்கள்

நகவெட்டியைத் தரையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் தின்பண்டம் வையுங்கள். மோந்து பார்க்கட்டும். அடுத்த நாள் நகவெட்டியால் நகத்தைத் தொட்டுவிட்டு மட்டும் எடுங்கள். பல விலங்குகள் பயப்படுவது வெட்டும்போது வரும் அந்த ‘டக்’ என்ற சத்தத்துக்குத்தான். அதற்கு ஒரு வழி: சமைக்காத ஸ்பாகெட்டி (நீளக் குச்சி போன்ற பாஸ்தா) ஒன்றை எடுத்து நாயின் அல்லது பூனையின் காலுக்குப் பக்கத்தில் வைத்து நகவெட்டியால் வெட்டுங்கள். சத்தம் கிட்டத்தட்ட அதேதான். சத்தம் வந்தால் தின்பண்டம் வரும் என்று புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 5: நாய்க்கு வெட்டுவது

வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பாருங்கள். நாய்க்கு முன்னால் உட்கார்ந்து காலை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, கால் இயல்பாக மடங்கும் திசையிலேயே மடக்கித் தூக்குங்கள். கட்டைவிரல் பாதத்தின் அடியிலும் ஆள்காட்டி விரல் மேலேயும் இருக்கட்டும். விரலுக்கிடையே உள்ள முடியை ஒதுக்கிவிடுங்கள்.

வெள்ளை நகம் என்றால் சிவப்பு தெரியும் இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தி, சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். கறுப்பு நகத்தை நுனியிலிருந்து தேங்காய்க் கீற்று சீவுவது போல மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் உலர்ந்து, வெளிறி, மாவு பூத்த மாதிரி இருக்கும். இன்னும் சீவினால் நடுவில் ஒரு சின்ன வட்டம், சுற்றியுள்ளதைவிட அடர்நிறமாக, லேசான ஈரப் பளபளப்போடு தெரியும். அது தெரிந்த நொடியே நிறுத்துங்கள். அடுத்த சீவல் சதையைத் தொட்டுவிடும்.

முதல் நாள் ஒரே ஒரு நகம் வெட்டுங்கள். நன்றாகப் போனால் ஆசை வரும், இன்னொன்று, இன்னொன்று என்று. வேண்டாம். நாய் பொறுமையாக இருக்கும்போதே முடித்தால்தான் நாளைக்கும் காலைக் கொடுக்கும். நாளுக்கு ஒன்று என்றாலும் மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடும்.

ஏற்கெனவே நகம் மிக நீளமாகிவிட்ட நாய்க்கு உள்சதையும் சேர்ந்து நீண்டிருக்கும். ஒரே தடவையில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் சதை மெல்லப் பின்வாங்கும்.

படி 6: பூனைக்கு வெட்டுவது

பூனை நகம் உறைக்குள் கத்தி மாதிரி உள்ளே இழுத்திருக்கும். விரலின் மேலும் கீழும் லேசாக அழுத்தினால் வெளியே வரும். நுனியில் ஊசி மாதிரி வளைந்திருக்கிற பகுதியை மட்டும் எடுத்தால் போதும். நகவெட்டியைப் பக்கவாட்டில் கடிக்க விடாமல் மேலும் கீழுமாகப் பிடித்து வெட்டுங்கள். பூனை நகம் பக்கவாட்டில் தட்டையானது, அந்தப் பக்கம் அழுத்தினால் பிளந்துவிடும். முன்காலை முடித்தாலே பெரும்பகுதி வேலை தீர்ந்தது. பின்கால் நகம் பெரும்பாலும் மழுங்கித்தான் இருக்கும்.

அடங்காத பூனையைத் துண்டில் சுற்றி ஒரு காலை மட்டும் வெளியே எடுக்கலாம். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்குவது வேண்டாம், பயம்தான் கூடும். தூங்கி வழியும்போது சத்தமில்லாமல் இரண்டு நகத்தை வெட்டிவிட்டு நகர்வதும் ஒரு நல்ல முறைதான்.

நகம் கீறும் கம்பமோ அட்டையோ வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். கீறும்போது நகத்தின் பழைய மேலோடு கழன்று விழும். கம்பத்தடியில் பிறை வடிவில் கிடப்பது அதுதான், நகம் பிடுங்கிக்கொண்டது என்று பதற வேண்டாம். பூனை முழு உடம்பையும் நீட்டிக் கீறும் அளவுக்குக் கம்பம் உயரமாக, ஆடாமல் நிற்க வேண்டும். ஆடுகிற கம்பத்தை அது இரண்டாம் முறை தொடாது, சோபாவுக்கே திரும்பிவிடும். சோபாவைக் காப்பாற்ற நகத்தையே அகற்றும் அறுவை சிகிச்சை பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதில் ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுக்கிறார்கள். பல நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது.

ரத்தம் வந்துவிட்டால்

சின்ன நகத்திலிருந்து வரும் ரத்தம் பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை. நுனியில் பவுடரை அப்பி, இரண்டு மூன்று நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும். நின்றதும் கொஞ்ச நேரம் ஓடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் அழுத்தியும் நிற்கவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

வலிக்குமே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறித்துவிடும். டீ ட்ரீ எண்ணெய் தடவுவதும் கூடாது. பூனைகள் அதை நக்கினாலும், தோல் வழியே உள்ளே போனாலும் விஷமாகிவிடும். நகம் வெட்டும்போது அமைதியாக இருக்க மருந்து வேண்டுமென்றால் மருத்துவர் எழுதித் தருவார், அளவோடு.

நகவெட்டியைப் பார்க்கவே விடாத நாய்க்கு

ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டிச் சாய்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 80 அல்லது 100 எண் உப்புத்தாள் சரியாக இருக்கும். பலகைக்குக் கீழே தின்பண்டத்தை மறைத்து வைத்தால் நாய் முன்காலால் பிறாண்டும், பிறாண்டியதும் பரிசு. சில நாளில் அதற்கு விளையாட்டாகிவிடும், நகமும் தானே தேயும். காலின் உள்பக்க நகமும் பின்காலும் இதில் வராது, பாதத்தின் தோல் உராய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நகங்களை மட்டும் பொறுமையாக வெட்டிக்கொள்ளலாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

நாய்க்கு மூன்று நான்கு வாரம், பூனைக்கு இரண்டு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். கரடுமுரடான தரையில் நிறைய நடக்கும் நாய்க்குத் தானே தேயும், அதற்கும் உள்பக்க நகத்தை மட்டும் பாருங்கள். வயதான பூனையை அடிக்கடி பார்க்க வேண்டும். அது கீறுவது குறைந்துபோவதால் மேலோடு கழலாமல் நகம் தடித்து, வளைந்து, பாதத்துக்குள் ஏறும். பூனை நொண்டாமல்கூட இருக்கலாம், அதனால் விரலைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். நுனி ஏற்கெனவே சதைக்குள் போயிருந்தால் வீட்டில் இழுத்து எடுக்க முயலாதீர்கள். உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், மருத்துவர் வெட்டி எடுத்துச் சுத்தம் செய்து மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அடியோடு பிளந்து தொங்கும் நகத்துக்கும், திடீரென்று ஒரு காலை மட்டும் விடாமல் நக்குவதற்கும் இதே வழிதான்.